ஒரு முழுச் சட்டை

காலர் அக்கா என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். சொந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்தில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நடையைக் கட்டிவிடுவாள். இளம் வயதில் சட்டைத் தொழிற்சாலைக்குள் நுழைந்தவளை சூப்பர்வைசர் காலர் தைக்கும் மெஷினில் உட்கார வைத்தார். நரைத்த தலையோடு வெளியே வந்தபோதும் அதே காலர்தான். நடுவில் கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தான், பிள்ளைக்கும் கல்யாணம் ஆயிற்று, அந்த மெஷினையே எடுத்துவிட்டுப் புதுசு போட்டார்கள். காலர் மட்டும் மாறவில்லை.

தொழிற்சாலை வேலை என்றால் அப்படித்தான். வரிசையாக மெஷின்கள். ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி பாக்கெட் வைப்பாள், ஒருத்தி பட்டன் துளைக்குக் காஜா எடுப்பாள், ஒருத்தி பட்டன் கட்டுவாள். வெட்டின துணி ஒரு முனையில் ஏறும், சட்டை மறுமுனையில் இறங்கும். நடுவில் இருப்பவளுக்கு முழுச் சட்டையைப் பார்க்கவே நேரம் இருக்காது, தலையை நிமிர்த்தினால் சூப்பர்வைசர் நிற்பார். பெயர்களும் அதற்கேற்ப ஒட்டிக்கொண்டன. கை அக்கா, பாக்கெட் தங்கச்சி, காஜா சித்தி. ஓய்வு பெற்றபின் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள்.

ஆனால் அக்கம்பக்கத்துக்கு இதெல்லாம் புரிகிறதா? "சட்டைக் கம்பெனியிலதானே இருந்தீங்க, இந்தக் கவுனைக் கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்களேன்" என்று மேல்மாடிக்காரி வந்து நிற்பாள். "கண்ணு சரியாத் தெரியலம்மா" என்று காலர் அக்கா கூசாமல் பொய் சொல்லுவாள். ஊசியில் நூல் கோக்க இன்றைக்கும் அவளுக்குக் கண்ணாடி வேண்டாம். கவுனைப் பிடிக்கத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

அவள் வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். ஸ்பானரும் ரெஞ்சும் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வந்தவர். கல்யாணமான புதிதிலிருந்தே அவருக்கு ஓர் ஆசை. "எனக்கு உன் கையால ஒரு சட்டை தைச்சுக் கொடேன்" என்பார். "காலர் வேணா தைச்சுத் தரேன், அதை மட்டும் கழுத்துல மாட்டிக்கிட்டுப் போங்க" என்பாள் இவள். இருவரும் சிரிப்பார்கள். கடையில் வாங்கின ரெடிமேட் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் கிளம்பிவிடுவார். சிரித்துச் சிரித்தே காலம் ஓடிவிட்டது. அவள் ஓய்வு பெற்ற மறுவருஷம், ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் அவளுக்கு அந்தச் சட்டை ஒரு பெரிய ஏக்கமாகப் போய்விட்டது. நிஜமாகவே சொல்கிறேன், சாப்பாடு இறங்காத அளவுக்கு ஏக்கம். அவர் கேட்டது வீடா, வாசலா? ஒரு சட்டை. உலகத்துக்கே சட்டை தைத்து அனுப்பிய கம்பெனியில் உட்கார்ந்திருந்தவளால் ஒரு மனுஷனுக்கு ஒன்று தைக்க முடியவில்லையே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிள்ளை வேறு ஊரில் இருந்தான். வாரம் தவறாமல் போன் செய்வான். "மாடியில உனக்குன்னு ரூம் ரெடியா இருக்கும்மா, தனியா அங்க என்ன பண்றே?" என்பான். போய் இருந்தும் பார்த்தாள். மருமகள் தங்கமான பெண், அதுதான் சிக்கலே. ஒரு டம்ளரைக் கழுவ விடமாட்டாள். "நீங்க உக்காருங்க அத்தை" என்று சொல்லிச் சொல்லியே உட்கார வைத்துவிட்டாள். உட்கார்ந்து உட்கார்ந்து காலர் அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வகுப்பு, வகுப்பு விட்டு வந்தால் தூக்கம். எதையோ சாக்கு சொல்லித் திரும்பி வந்துவிட்டாள்.

வந்த கையோடு அவள் செய்த காரியம், தன் கட்டடத்தின் கீழேயே இருந்த தையல் கடைக்குள் நுழைந்ததுதான். மருந்துக்கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் நசுங்கினாற்போல ஒரு கடை. டெய்லர் ஒரு பெண். வயதில் காலர் அக்காவுக்கு மகள் மாதிரி, வாயில் மாமியார் மாதிரி. ஆண்கள் சட்டை, பேண்ட் மட்டும்தான் தைப்பாள். அப்பா விட்டுப்போன கடை. இரண்டு மெஷினில் ஒன்றில் முன்பு அவள் தங்கை உட்கார்ந்திருந்தாள், கல்யாணம் பண்ணிக்கொண்டு வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறிவிட்டாள். அந்த மெஷின் மூடிக் கிடந்தது.

"எனக்கு வேலை வேணும்மா" என்றாள் காலர் அக்கா.

"என்ன தெரியும்?"

"காலர்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

டெய்லர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். வெட்டி வைத்திருந்த ஒரு காலரை எடுத்து நீட்டினாள். காலர் அக்கா மெஷினின் தூசியைத் தட்டி, உட்கார்ந்து, மிதித்தாள். கண்மூடித் திறப்பதற்குள் காலர் வெளியே வந்தது. முனை இரண்டும் கத்தி மாதிரி நின்றன. "அம்மாடி!" என்றாள் டெய்லர். அவளுடைய அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அன்றிலிருந்து கடையின் காலர் எல்லாம் காலர் அக்கா கையால்தான். டெய்லருக்கு வேலை பாதியாகக் குறைந்தது, வாடிக்கைக்காரர்கள் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம், ஒருத்தியைத் தவிர. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள், பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"எனக்கு முழுச் சட்டை தைக்கக் கத்துக்கொடும்மா."

"எதுக்குக்கா? காலர்ல நீங்கதான் ராணி. அதை விட்டுட்டு இந்த வயசுல சட்டைக் கை சுருங்கி, பாக்கெட் கோணி, எனக்குத் துணி வீணாகி... போதும்கா, காலர் போதும்."

காலர் அக்காவுக்குச் சுருக்கென்றது. அதே சூப்பர்வைசர், வேறு உடம்பில் வந்து உட்கார்ந்திருக்கிறார்! டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். "காலர் மட்டும் தைக்கணும்னா நான் எதுக்கு இங்க வரணும்? ஒரு ஆயுசு முழுக்கக் காலர் தைச்சாச்சு. எனக்கு ஒரு சட்டை தைக்கணும். தைக்காம நான் போய்ச் சேர்ந்தா என் கட்டை வேகாது" என்று சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். வாய் நீண்டவர்களுக்கு அழுகையைக் கண்டால் பயம். டெய்லர் பதறிப்போனாள்.

"சரிக்கா, சரி. ஒண்ணு பண்ணுங்க. ஒரே ஒரு ஆளுக்கு, அளவு எடுக்கறதுல இருந்து பட்டன் வரைக்கும் நீங்களே பண்ணுங்க. அது அந்த ஆள் உடம்புல ஒழுங்கா உக்காந்தா இந்த மெஷின் உங்களது. கஸ்டமரையும் அனுப்பறேன். உக்காரலைன்னா மறுபடி காலர், மூச்சு விடக் கூடாது."

பிள்ளை அடுத்தமுறை போன் செய்தபோது அவனுக்கும் ஒரு கெடு சொன்னாள். "ஒரு சட்டை தைக்கப் போறேன்டா. அது சரியா வரலைன்னா நீ சொன்னபடி கிளம்பி வந்துடறேன்." மறுமுனையில் அவன் சிரித்தான். அம்மாவுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பான்.

முதல் சட்டைக்கு மருந்துக்கடைக்காரர் மாட்டினார். டெய்லர் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் காலர் அக்கா தலையாட்டிக் கேட்டாள். ஆனால் அளவு எடுக்க வேண்டிய நேரத்தில் இஞ்ச் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு கூனிக் குறுகினாள். தொழிற்சாலையில் உடம்பு ஏது? சைஸ் என்ற நம்பர்தான் உண்டு. அந்நிய ஆம்பிளையைச் சுற்றி டேப்பைப் போட அவளுக்குக் கை வரவில்லை. கண்ணால் ஒரு பார்வை பார்த்து, "நாப்பதாம் நம்பர்" என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். அப்புறம் செய்ததுதான் கூத்து. கை பழகின பழக்கத்தில் முதலில் காலரைத் தைத்தாள். காலருக்கு ஏற்றபடி கழுத்தை வெட்டினாள். கழுத்துக்கு ஏற்றபடி உடம்பை வெட்டினாள்.

மருந்துக்கடைக்காரர் போட்டுப் பார்த்தார். காலர் அம்சமாக நின்றது. அதற்குக் கீழே பட்டன் ஒன்றுகூட எட்டவில்லை, தோள் இரண்டும் தூக்கிக்கொண்டு நின்றன. அவர் கண்ணாடியைப் பார்த்தபடி, "கழுத்து மட்டும் கல்யாணத்துக்குக் கிளம்பிடுச்சு. வயிறு வீட்டுலயே நிக்குது" என்றார். டெய்லர் விழுந்து விழுந்து சிரித்தாள். காலர் அக்காவும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"காலர்ல இருந்து ஆரம்பிச்சா இப்படித்தான்" என்று டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "சட்டை தொங்கறது தோள்லக்கா. தோளைப் பாருங்க முதல்ல. ரெண்டு தோளும் ஒரே மட்டமா இருக்கற மனுஷன் எங்கேயும் கிடையாது. ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அதைப் பார்த்து வெட்டலைன்னா சட்டை அந்தப் பக்கம் வழியும், காலர் இந்தப் பக்கம் எழும்பிக்கிட்டு நிக்கும். நீங்க எவ்வளவு அழகா காலர் தைச்சாலும் நிக்கத்தான் செய்யும்."

காலர் அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்கு இடது பக்கக் காலர் எப்போதும் எழும்பித்தான் நிற்கும். தினமும் காலையில் அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது இவள் வாசல் வரை ஓடுவாள். சட்டையை இழுத்துவிட்டு, காலரை அழுத்திவிட்டு, "ஒரு சட்டையை ஒழுங்காப் போடத் தெரியாதா? காலர் தைக்கறவ புருஷன் காலரே நட்டுக்கிட்டு நிக்குது, பாக்கறவங்க என்னைத்தானே சிரிப்பாங்க" என்று திட்டுவாள். அவர் ஒரு வார்த்தை பதில் பேசமாட்டார், சின்னப் பிள்ளை மாதிரி நின்று திட்டு வாங்கிக்கொண்டு போவார். அது அவருடைய அசட்டை இல்லையா? வருஷக்கணக்காகப் பை இழுத்து இழுத்து வலது தோள் இறங்கிப் போயிருந்ததா?

"அவரைத் தினம் திட்டினேனேம்மா" என்றாள்.

டெய்லர் விஷயம் முழுவதையும் கேட்டாள். "தினமும் பொண்டாட்டி வாசல் வரைக்கும் வந்து கழுத்துல கை வைக்கறா. எந்த மனுஷன்கா வேண்டாம்னு சொல்லுவான்? அவருக்கு அது பிடிச்சுத்தான் இருந்திருக்கும்" என்றாள். காலர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "இன்னும் ஒரே ஒரு தடவை விடும்மா, அவருக்கே தைக்கறேன்."

"அளவுக்கு எங்க போவீங்க? பழைய சட்டை இருந்தா கொண்டாங்க."

"பழைய சட்டையில கம்பெனி அளவுதான் இருக்கும். அவர் அளவு அதுல எங்க இருக்கு?"

கடை முகப்பில் துணி சுற்றிய ஒரு பொம்மை நின்றிருந்தது, தலையும் கையும் இல்லாத உடம்பு. காலர் அக்கா அதை உள்ளே தூக்கி வந்தாள். கழித்த துணிகளை ஒரு மூட்டையாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பொம்மையைத் தாழ்ந்த ஒரு பெட்டியின் மேல் நிறுத்தி, அதன் பின்னால் ஸ்டூலைப் போட்டு, ஒருக்களித்து உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு அதன் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்றாள் டெய்லர்.

"மார்க்கெட்டுக்கு" என்றாள் காலர் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து எத்தனை காலம் போயிருக்கிறாள்! வயிற்றைச் சுற்றிப் பிடித்தால் இவள் விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடும், ஆனால் கோக்க முடியாது. பொம்மையில் விரல்கள் தாராளமாகக் கோத்துக்கொண்டன. "மெலிஞ்சு போயிட்டாரு" என்று முணுமுணுத்தபடி துணியைச் சுற்றினாள். மறுபடி கட்டிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம். முன்பக்கம் போதும், பக்கவாட்டில் வேண்டும். முதுகில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். முதுகு இவ்வளவு தட்டையாக இருக்காது, குனிந்து குனிந்து குழாய் பார்த்த முதுகு. அங்கே ஒரு மடிப்பு வைத்தாள். வலது தோளில் தாடையை வைத்தால் உட்காரும், இடது தோள் எட்டாது. வலது தோளைப் பிரித்து இறக்கினாள், தாடையை வைத்தாள், இன்னும் இறக்கினாள். கடைசியில் ஒரு தடவை கட்டிக்கொண்டபோது விரல் நுனிகள் தொட்டுக்கொண்டு நின்றன, தாடை இடம் தேடாமல் உட்கார்ந்தது. அப்படியே இருந்தாள், வெகுநேரம். டெய்லர் எழுந்து போய்க் கடைத் திரையை இழுத்து மூடிவிட்டு, மருந்துக்கடைக்காரரிடம் இல்லாத தலைவலிக்கு மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீலமும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு துணி எடுத்தாள். அரைக்கைச் சட்டை, குழாய் வேலைக்காரருக்கு முழுக்கை எதற்கு? தோளில் ஆரம்பித்தாள். சட்டைக் கை இரண்டு முறை சுருங்கியது, பிரித்தாள். பாக்கெட் கோணியது, பிரித்தாள். காஜாவைக் கையாலேயே எடுத்தாள். காலரைக் கடைசியில்தான் தொட்டாள். அதையும் ஒரு தடவை பிரித்துத் தைத்தாள், ஆச்சரியம்தான்.

பொம்மைக்குப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்கள். காலர் இரண்டு பக்கமும் படிந்து கிடந்தது. டெய்லர் சுற்றிச் சுற்றி வந்தாள். தோளை ஒத்தி ஒத்திப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தையல் சுத்தமா இருக்குக்கா. ஆனா நான் என்னத்தைன்னு சொல்றது? பொம்மையும் நீங்க பண்ணினது, சட்டையும் நீங்க பண்ணினது. பொம்மை உங்க பேச்சைக் கேக்கும். அவர் இப்படித்தான் இருந்தாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான பேச்சு. அதுதான் காலர் அக்காவுக்கு வலித்தது. ஞாபகம் ஏமாற்றியிருந்தால்? ஆசைக்குத் துணி சுற்றிவிட்டு அதற்கு ஒரு சட்டையும் தைத்து வைத்திருக்கிறாளோ என்னவோ! பிள்ளை அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான், காரும் சொல்லி வைத்திருந்தான். அவள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் நாலு துணியை எடுத்து வைத்தாள். மூட மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் நேராகக் கடைக்கே வந்துவிட்டான். பொம்மை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தது. காலர் அக்கா அந்தப் பக்கம் குனிந்து நூல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா" என்று கூப்பிட வாயெடுத்தவன் படியிலேயே நின்றுவிட்டான்.

"அப்பா..." என்றான்.

அவன் யாரையும் கூப்பிடவில்லை. வாயில் அதுவாக வந்துவிட்டது. காலர் அக்கா நிமிர்ந்தாள். டெய்லரின் மெஷின் நின்றது.

அவன் உள்ளே வந்து சட்டையின் முதுகில், கீழே இறங்கின தோள் பக்கமாக, உள்ளங்கையை வைத்தான். "இந்த முதுகுக்குப் பின்னாடி உக்காந்துதானேம்மா நான் பள்ளிக்கூடம் போனேன். பத்து வருஷம் இதைத்தானே பார்த்தேன். யாரும்மா இது பண்ணினது?"

டெய்லர் எழுந்து வந்தாள். தன் கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பைக் கழற்றிக் காலர் அக்காவின் கழுத்தில் போட்டாள், போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"கிளம்பலாமாம்மா? கார் நிக்குது" என்றான் பிள்ளை, கொஞ்ச நேரம் கழித்து. குரலில் பழைய உறுதி இல்லை.

"நான் வரலைடா."

"அங்க உனக்கு எல்லாம் இருக்கேம்மா."

"எல்லாம் இருக்குடா. நான்தான் அங்க இருக்க மாட்டேன்."

அவன் பொம்மையிலிருந்து சட்டையைக் கழற்றித் தன் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டான். வலது பக்கம் இழுத்தது, இடது பக்கம் தொளதொளவென்று தொங்கியது. காலர் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

"கழட்டு. அது உங்கப்பாவோடது" என்றாள் காலர் அக்கா. "உனக்கு வேற தைக்கறேன். திரும்பி நில்லு."

அவன் முதுகைத் தொட்டதும்தான் அவளுக்குத் தெரிந்தது. செத்துப்போனவரைக் கண்ணை மூடிக்கொண்டு அளந்தவளுக்கு, உயிரோடு முன்னால் நிற்கும் பிள்ளையின் உடம்பில் ஓர் அங்குலம்கூடத் தெரியவில்லை. அவள் கைக்குத் தெரிந்தது குளிப்பாட்டித் துவட்டிவிட்ட சின்ன உடம்பு. இது யாரோ பெரிய மனுஷன். தோள் அகன்றிருந்தது, இவனுக்கு இறங்கியிருந்தது இடது தோள். எதைச் சுமந்து இறங்கியது என்று அவளுக்குத் தெரியாது, அவள் கேட்டதும் இல்லை. பின்கழுத்தில் நரை விழுந்திருந்தது. மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தபோது அவன் கையைத் தூக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தான்.

"மூச்சை விடுடா. எக்கிக்கிட்டு நின்னா அளவு தப்பாப் போயிடும்."

விட்டான். கொஞ்சம் சத்தமாகவே விட்டான். டேப் அவள் விரலுக்குள் இளகியது.

"என்னைக்கு வேணும்?" என்று கேட்டாள், கடைக்கு வருகிற எல்லோரிடமும் டெய்லர் கேட்கிறாற்போல.

"அவசரம் இல்லம்மா. நானே வந்து வாங்கிக்கறேன்."

"ட்ரையலுக்கும் வரணும்" என்றாள் காலர் அக்கா. டேப்பை மெதுவாகச் சுருட்டினாள். "நாலஞ்சு தடவை வர வேண்டியிருக்கும்."

அந்தக் கடையில் எந்தச் சட்டைக்கும் ஒரு தடவைக்கு மேல் ட்ரையல் கிடையாது. பிள்ளை நம்பாமல் டெய்லரைப் பார்த்தான்.

"ஆமா தம்பி" என்றாள் டெய்லர், துணியிலிருந்து தலையை எடுக்காமல். "அக்கா ரொம்ப மெதுவாத் தைப்பாங்க."